பத்தாயிரம் கை போதாது

ஆன்லைன் போக்கரில் நான் முதல் மாதமே ஜெயித்தேன். இந்த ஆட்டத்தில் எனக்கு நடந்ததிலேயே பெரிய கெடுதல் அதுதான் என்று இப்போது படுகிறது. முதல் வாரமே தோற்றிருந்தால் "சரி, இது நமக்குத் தெரியாத ஆட்டம், உட்கார்ந்து படிக்க வேண்டும்" என்று தோன்றியிருக்கும். ஜெயித்துவிட்டதால், படிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

நான் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம், நோ-லிமிட் (மேசையில் வைத்திருக்கும் பணம் முழுவதையும் ஒரே தடவையில் போடலாம்), ஆறு பேர் மேசை. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்றுக்குப் பெயர் கை. மேசையில் உட்காரக் கொண்டுபோகும் பணம் பை-இன். வழக்கமாக அது 100 பெரிய பிளைண்ட். பெரிய பிளைண்ட் என்பது சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகை. இதை எழுதும்போது பணத்தை பிளைண்டிலும் பை-இன்னிலும்தான் சொல்லப்போகிறேன். சின்ன மேசையானாலும் பெரிய மேசையானாலும் கணக்கு ஒன்றுதான்.

முதல் மாதம் தினமும் இரவு இரண்டு மணி நேரம், இரண்டு மேசை. மாதக் கடைசியில் பார்த்தால் 8,000 கை, 12 பை-இன் லாபம். அன்று ராத்திரியே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மாதம் 12 வந்தால் மூன்றாவது மாதம் எந்த மேசைக்கு ஏறலாம், ஆறாவது மாதம் எங்கே இருப்பேன், ஒரு வருஷத்தில் வேலையை விட முடியுமா. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிடப் பெரிதாக இருந்தது. அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் அந்த 12 பை-இன்னும் போய், கையிலிருந்து இன்னும் 9 போனது.

வேலை செய்யும் இடத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். பல வருஷமாக ஆடுகிறவர், ஆனால் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் தயங்கித் தயங்கி அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, முதல் மாசம் நல்லா ஆடினேன். அப்புறம் என்னமோ ஆட்டம் கெட்டுப்போச்சு. எங்கே தப்பு பண்றேன்னு தெரியலை."

"மொத்தம் எத்தனை கை ஆடியிருக்கே?"

"இருபதாயிரம் இருக்கும்."

"அப்போ முதல் மாசம் நல்லா ஆடினேன்னு உனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

ஜெயித்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது பதில் இல்லை என்று புரிந்துவிட்டது. அவர் அன்று சொன்ன கணக்கை எனக்குப் புரிந்த விதத்தில் இங்கே தருகிறேன். போக்கர் பழக நினைக்கும் யாரும் முதல் கை ஆடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஒருவர் உண்மையிலேயே ஜெயிக்கத் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மேசைக் கட்டணம் எல்லாம் போக, 100 கைக்கு சராசரியாக 3 பிளைண்ட் சம்பாதிக்கிறார். சின்ன மேசையில் இது மதிக்கத்தக்க வேகம். ஆனால் சராசரி மட்டும் போதாது, ஏற்ற இறக்கமும் இருக்கிறது. ஆறு பேர் மேசையில் 100 கைக்கு அது சுமார் 90 பிளைண்ட். என்னுடைய சொந்தப் பதிவிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வருகிறது. 3 சம்பாதிக்கிற இடத்தில் 90 ஆடுகிறது. இந்த ஆள் 10,000 கை ஆடினால் 300 பிளைண்ட் லாபம் எதிர்பார்க்கலாம். ஆனால் அந்த 10,000 கையில் ஏற்ற இறக்கம் 900 பிளைண்ட் (கை நூறு மடங்கானால் லாபம் நூறு மடங்கு, ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான்). கணக்குப் போட்டுப் பார்த்தால், நன்றாக ஆடியும் 10,000 கையின் முடிவில் நஷ்டத்தில் நிற்க இவருக்கு 37 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று முறை முயன்றால் ஒரு முறைக்கு மேல். 1,00,000 கை ஆடினாலும் ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு நஷ்டத்துக்கே.

இதைத் திருப்பிப் போட்டால் என் கதை. ஜெயிக்கத் தெரியாத ஒருவன் 8,000 கையில் 12 பை-இன் லாபம் பார்ப்பதிலும் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த மாதம் சீட்டு எனக்குச் சாதகமாக விழுந்தது, அவ்வளவுதான்.

இது ஏதோ என்னைப் போன்ற புதியவர்களின் பிரச்சினை என்று நினைத்தால், ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கிளாடிகோ என்ற நிரலோடு, உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நான்கு பேர் ஒற்றைக்கு ஒற்றை நோ-லிமிட் ஹோல்டெம் ஆடினார்கள். மொத்தம் 80,000 கை. அதிர்ஷ்டத்தைக் குறைப்பதற்காக, ஒரே சீட்டுகளை இரண்டு மேசைகளில் பக்கம் மாற்றிக் கொடுத்து ஆட வைத்தார்கள். முடிவில் மனிதர்கள் 7 லட்சத்துக்கும் அதிகமான சிப் முன்னிலையில் இருந்தார்கள். 100 கைக்கு 9 பிளைண்டுக்கு மேல் வருகிறது. அப்படியும், புள்ளியியல் கணக்குப்படி இதைச் சமநிலை என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்கள் நடத்திய ஆய்வாளர்கள். 2017-இல் அதே பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற அடுத்த நிரல் 1,20,000 கை ஆடி, 100 கைக்கு 14 பிளைண்டுக்கு மேல் ஜெயித்தது. அப்போதுதான் சந்தேகமில்லாமல் முடிவைச் சொன்னார்கள். இத்தனை ஏற்பாட்டோடு ஆடியவர்களுக்கே ஒரு லட்சம் கைக்கு மேல் தேவைப்பட்டது. நானோ எட்டாயிரம் கையை வைத்துக்கொண்டு வேலையை விடுவதைப் பற்றித் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு மாத நஷ்டத்தில் எல்லாமே சீட்டின் வேலை இல்லை. அதில் பெரிய பங்கு ஒரே ஒரு ராத்திரிக்குரியது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் பட்டனில் இருக்கிறேன், அதாவது கடைசியாகப் பேசும் இடம். கையில் இரண்டு ஏஸ், இஸ்பேடும் ஆட்டினும். 221 கைக்கு ஒரு முறை வரும் ஜோடி. எனக்கு முன்னால் ஒருவர் 3 பிளைண்ட் ஏற்றினார், நான் 9 ஆக்கினேன், அவர் வந்தார். ஃப்ளாப்பில் கிளாவர் கிங், டைமண்ட் ஏழு, இஸ்பேட் இரண்டு. ஒரு பயமும் இல்லாத மேசை. அவர் செக் செய்தார், அதாவது பணம் போடாமல் விட்டார்; நான் 10 போட்டேன், அவர் கால், அதாவது அதே தொகையைப் போட்டார். டர்னில் ஆட்டின் நான்கு. அவர் மறுபடியும் செக், நான் 28. அவர் சற்று நேரம் எடுத்து, மிச்சமிருந்த 81-ஐயும் தள்ளினார். நான் யோசிக்கவே இல்லை, கால். சீட்டைத் திறந்தால் அவரிடம் கிங்கும் க்வீனும். கண்ணுக்குத் தெரியாத 44 சீட்டில் அவருக்கு உதவுவது ஐந்தே ஐந்து: இரண்டு கிங், மூன்று க்வீன். எனக்கு 89 சதவீதம் சாதகம். ரிவரில் கிளாவர் க்வீன்.

நடுவில் சேர்ந்திருந்த பணம், 200 பிளைண்ட் பாட், எதிர்ப்பக்கம் நகர்ந்து போவதை திரையில் பார்த்தேன். காது சூடாகிவிட்டது. இன்றைக்கும் அந்தச் சூடு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கையை நான் சரியாகத்தான் ஆடினேன். நூறு முறை அதே இடத்தில் இருந்தால் நூறு முறையும் அப்படியே ஆட வேண்டும், எண்பத்தெட்டு எண்பத்தொன்பது முறை பாட் எனக்கு வரும். அந்த நிமிஷம் மேசையை மூடிவிட்டுப் படுக்கப் போயிருந்தால் அன்றைய நஷ்டம் ஒரு பை-இன்.

நான் அதைவிட இரண்டு மடங்கு பெரிய மேசையைத் திறந்தேன். "போனதைச் சீக்கிரம் எடுத்துவிடலாம்" என்பதைத் தவிர மனசில் வேறு ஒன்றும் இல்லை. அடுத்த நாற்பது நிமிஷத்தில் க்வீன்-ஏழு, ஜாக்-நான்கு என்று எதைக் கொடுத்தாலும் ஆடினேன். யார் ஏற்றினாலும் என்னை ஏமாற்றத்தான் ஏற்றுகிறார்கள் என்று தோன்றியது. மூன்று பை-இன் போனது. இரட்டிப்பு மேசை என்பதால் என் கணக்கில் ஆறு. ஆட்டக்காரர்கள் இதை டில்ட் என்பார்கள். வார்த்தை சின்னது. விலையைக் கேளுங்கள்: 600 பிளைண்டை, 100 கைக்கு 3 என்ற நல்ல வேகத்தில் திரும்பச் சம்பாதிக்க 20,000 கை ஆட வேண்டும். இரண்டு மேசையில் மணிக்கு சுமார் 140 கை வரும். ஆக, நாற்பது நிமிஷத்தில் தொலைத்ததை எடுக்க 140 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இரண்டரை மாதம்.

இந்தக் கணக்கை நான் எழுதி, ஆடும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். பொறுமையாக இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அந்த 140 மணி நேரம் என்ற எண் மட்டும் தாங்கியது.

அதோடு இரண்டு விதிகளும் வைத்துக்கொண்டேன். ஒரே உட்காரலில் மூன்று பை-இன் போனால், எப்படிப் போனாலும் சரி, எழுந்துவிட வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது மேசையின் அளவை ஏற்றவே கூடாது. ஏறுவதென்றால் மறுநாள் பகலில், ஆடாத நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது விதி எனக்கு மிச்சப்படுத்திய பணம் முதல் விதியைவிட அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அண்ணன் சொல்லிக்கொடுத்ததில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னார். முதலில் கை. இரண்டாவதில், பணம் நடுவே போன நேரத்தில் எனக்கு இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் முடிவு சரியா தப்பா. மூன்றாவதில் ஜெயித்தேனா தோற்றேனா. மாதக் கடைசியில் இரண்டாவது பத்தியை மட்டும் கூட்டிப் பார்க்கச் சொன்னார். முதலில் எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. மூன்று மாதம் எழுதியபின் ஒன்று தெரிந்தது: என்னை ரொம்பக் காயப்படுத்திய கைகளில் பாதிக்கு மேல் சரியாக ஆடிய கைகள். சந்தோஷமாக மறந்துபோன வெற்றிகளில் கணிசமானவை தப்பாக ஆடிய கைகள். பணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், சரியானதை விட்டுவிட்டுத் தப்பானதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

தப்புகள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஃப்ளாப்பில் ஒரே ஜாதியில் நான்கு சீட்டு சேர்ந்து ஃப்ளஷ்ஷுக்கு ஒன்று பாக்கி என்றால், ரிவருக்குள் அது வர 35 சதவீத வாய்ப்பு என்று எங்கேயோ படித்திருந்தேன். அது சரிதான். ஆனால் அது இரண்டு சீட்டையும் பார்க்கும் வாய்ப்பு. டர்ன் ஒன்றுக்கு மட்டும் 19 சதவீதம்தான். எதிராளி டர்னிலும் பணம் போடுவார், இரண்டாவது சீட்டைப் பார்க்க மறுபடியும் பணம் கட்ட வேண்டும். பாட்டில் 100 இருக்கிறது, எதிராளி 50 போடுகிறார் என்றால், 150-ஐ எடுக்க நான் 50 கட்டுகிறேன். நான்கில் ஒரு முறையாவது ஜெயித்தால்தான் கட்டுபடியாகும். 35-ஐ மனசில் வைத்துக்கொண்டு "கட்டுபடியாகிறது" என்று ஒவ்வொரு முறையும் கால் செய்தேன், டர்னில் வராமல் போனபின் 20 சதவீத வாய்ப்புக்கு மறுபடியும் பெரிய தொகை கட்டினேன். ஃப்ளஷ் விழுந்தால் எதிராளி இன்னும் பணம் தருவாரா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்; அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு தடவையும் சின்னத் தப்பு. 20,000 கையில் அது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சின்ன ஜோடிகளிலும் இதே கதைதான். கையில் இருப்பது ஐந்து-ஐந்து என்றால், ஃப்ளாப்பில் மூன்றாவது ஐந்து விழ எட்டரை முறைக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. விழும் என்று காத்திருப்பவனாக இல்லாமல், ஏழு முறை விழாமல் போகும்போது எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கிறவனாக மாற எனக்கு ஒரு வருஷம் ஆனது.

பொறுமை என்றால் மேசையில் சும்மா உட்கார்ந்திருப்பது என்றுதான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். அதுவும் வேண்டியதுதான். ஆறு பேர் மேசையில் நன்றாக ஆடுகிறவர்கள் பொதுவாக வரும் கைகளில் நான்கில் ஒன்றைத்தான் ஆடுகிறார்கள். மிச்சம் முக்கால்வாசி ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து விலகுவது. ஆனால் ஃபோல்ட் செய்வது பழகிவிடும். பழகாத பொறுமை ஒன்று இருக்கிறது: சரியாக ஆடிக்கொண்டே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தோற்பது. என் பதிவில் மிக நீண்ட சரிவு 38,000 கை. அந்தக் காலத்தில் 22 பை-இன் இறங்கியது. நான்கு மாதம் பிடித்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனோடு உட்கார்ந்து கைகளைப் பார்த்தோம். சில வாரம் ஓட்டை கிடைத்தது, அடைத்தேன். சில வாரம் ஒன்றுமே கிடைக்கவில்லை. "இந்த வாரம் உன் தப்பு எதுவும் இல்லை, போ" என்று அவர் சொன்ன நாட்கள்தான் ரொம்பக் கடினம். தப்பு இருந்தால் திருத்தலாம். இல்லாததை என்ன செய்வது? மறுநாளும் அதே ஆட்டத்தை ஆட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சரிவில் நான் முழுகாமல் இருந்ததற்குக் காரணம் பேங்க்ரோல். போக்கருக்கென்று தனியாக ஒதுக்கிய பணம், வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லாத பணம். குறைந்தது 30 பை-இன் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் 40 வைத்திருந்தேன். 22 போனபோது மிச்சம் 18. அந்த நேரத்தில் ஒரு படி கீழே, பாதி அளவு மேசைக்கு இறங்கினேன். அங்கே அதே பணம் 36 பை-இன் ஆனது. இறங்குவது மனசுக்கு ரொம்பக் கஷ்டம். ஒரு வருஷத்துக்கு முன்னால் "இதைத் தாண்டி வந்துவிட்டேன்" என்று நினைத்த மேசையில் மறுபடியும் போய் உட்கார வேண்டும். ஆனால் இறங்கத் தெரியாதவர்கள் ஆட்டத்தைவிட்டே போவதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் என்னைவிடத் திறமைசாலிகளும் உண்டு.

டோர்னமென்ட் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். பெரும்பாலான நாள் பரிசே இல்லாமல் வெளியே வருவார்கள், எப்போதோ ஒரு பெரிய பரிசு எல்லாவற்றையும் ஈடு கட்ட வேண்டும். நூறு நுழைவுக் கட்டணத்துக்கு மேல் கையில் இல்லாமல் அதில் இறங்குவது ஆபத்து. நான் அதில் அதிகம் ஆடவில்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல உரிமை இல்லை.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைனில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஜெயித்து, அந்த வழியாக போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். உலகம் முழுக்க ஆன்லைன் போக்கர் பரவியதற்கு அந்தக் கதை ஒரு பெரிய காரணம். எனக்கும் அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். மற்ற 838 பேரின் கதையையும், அதற்கு முன்னால் தகுதிப் போட்டிகளிலேயே வெளியேறியவர்களின் கதையையும் யாரும் நமக்குச் சொல்வதில்லை. நாம் நம்மை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அவர்களோடுதான்.

அப்புறம் ரேக். இதைப் பற்றிப் புதியவர்கள் யாருமே கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலிருந்தும் தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்; 5 சதவீதத்தை ஒட்டி இருப்பது சகஜம், அதற்கு ஓர் உச்சவரம்பும் இருக்கும். சின்ன மேசைகளில் பாட் அந்த உச்சவரம்பை எட்டுவதே அபூர்வம், அதனால் அளவோடு பார்த்தால் அங்கேதான் ரேக் அதிகமாக வலிக்கும். என் பதிவைப் பார்த்தால் 100 கைக்கு சுமார் 7 பிளைண்ட் நான் ரேக்காகக் கட்டியிருக்கிறேன். அதாவது எதிராளிகளிடமிருந்து 100 கைக்கு 7 பிளைண்ட் ஜெயித்தால்தான் நான் பூஜ்யத்தில் நிற்பேன். மேசையில் ஆறு பேரும் ஒரே திறமை என்றால் ஆறு பேருமே தோற்பார்கள். நீண்ட காலத்தில் பெரும்பாலானவர்கள் நஷ்டத்தில் முடிவதற்கு இதுவே போதும். சுமாராக ஆடி ஜெயிக்கலாம் என்ற எண்ணத்தை ரேக் விடாது. ஒரு தளத்தில் சேர்வதற்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ரேக் அட்டவணையை. அதற்கும் முன்னால், இருக்கும் இடத்தில் பணம் வைத்து ஆடச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதை. கொடுக்கவில்லை என்றால் பணம் இல்லாத மேசையில் ஆடுங்கள். இதில் குறுக்கு வழி தேடாதீர்கள்.

படிப்பது பற்றி ஒன்று. ஆரம்பத்தில் ஒரே வாரத்தில் ப்ளஃப், ரேஞ்ச், பாட் கணக்கு, எதிராளியைப் படிப்பது என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு மேசைக்குப் போனேன். ஆட்டம் முன்னைவிட மோசமானது. எதையும் யோசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அண்ணன் ஒரு மாதத்துக்கு ஒரு விஷயம் என்று வரையறுத்தார். முதல் மாதம், எந்த இடத்தில் உட்கார்ந்தால் எந்தெந்தக் கையை ஆடலாம் என்பது மட்டும். இரண்டு சீட்டில் வித்தியாசமான கை வகைகள் 169. அதை இடம் வாரியாக மனசில் பதிய வைக்கவே அந்த மாதம் முழுக்கப் போனது. அடுத்த மாதம், ஃப்ளாப்பில் நான் ஏற்றியவனாக இருக்கும்போது எப்போது பணம் போடுவது. அந்த மாதம் வேறு எதிலாவது தப்பு செய்தால் குறித்து வைப்பேன், ஆனால் திருத்த முயல மாட்டேன். ஆடும் நேரம் மூன்று என்றால் படிக்கும் நேரம் ஒன்று. அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதம் திரும்பத் திரும்பச் செய்தது அடுத்த மாதம் யோசிக்காமலே வந்தது, அந்த யோசனை நேரம் வேறொன்றுக்குக் கிடைத்தது.

இனிமேல் சொல்வது ஆட்டத்தைப் பற்றியது இல்லை, ஆனால் விட்டுவிட மனசு வரவில்லை. அந்த டில்ட் ராத்திரிக்குப் பிறகு இரண்டு வாரம் நான் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பேன். ஒரு நாள் அவளே கேட்டாள்: "ஜெயிச்சா எவ்வளவுன்னு சொல்றீங்க. தோத்தா மட்டும் ஏன் பரவாயில்லைன்னு சொல்றீங்க?" அன்று நோட்டை அவள் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து மாதக் கணக்கை அவளும் பார்க்கிறாள். பேங்க்ரோலில் பணம் சேர்ப்பதென்றால் இரண்டு பேரும் பேசித்தான்.

தோற்றதை மறைக்கத் தோன்றினால், தோற்றதை எடுப்பதற்காகக் கடன் வாங்கத் தோன்றினால், ஆடாத நேரத்தில் எதிலும் மனசு நிற்காமல் போனால், அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய உத்தி எதுவும் இல்லை. ஆட்டத்தை நிறுத்தி, நம்பிக்கையான ஒருவரிடமும் தேவைப்பட்டால் மருத்துவரிடமும் பேச வேண்டும். பெரும்பாலான தளங்களில் நம் கணக்கை நாமே பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. அண்ணனோடு ஆடிய ஒருவர் அப்படிப் பூட்டிக்கொண்டு விலகினார். எங்கள் எல்லோரிலும் நல்ல முடிவு எடுத்தவர் அவர்தான் என்று அண்ணன் சொல்வார், எனக்கும் அதே எண்ணம்.

இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் இத்தனையும் எழுதியதற்கு நியாயம் இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. 2,10,000 கை. ரேக் போக 100 கைக்கு 2.4 பிளைண்ட். மொத்தம் சுமார் 50 பை-இன், அதுவும் சின்ன மேசைகளின் பை-இன். மேசையில் மட்டும் 1,500 மணி நேரம், படித்தது தனி. அந்த நேரத்தில் எந்தக் கூடுதல் வேலை செய்திருந்தாலும் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். இழுப்பறையில் இருந்த பழைய தாளில் ஒரு வருஷத்துக்கு நான் எழுதி வைத்திருந்த தொகையின் பக்கத்தில்கூட இது வராது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த 2,10,000 கைக்கும் அண்ணன் சொன்ன அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடுகிற ஒருவர், வெறும் சீட்டின் தயவில் இந்த இடத்துக்கு வந்து நிற்க ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு இன்னும் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்தும், நான் ஜெயிக்கத் தெரிந்தவன் என்று முழு உறுதியோடு சொல்ல முடியாது. முன்பு இதைக் கேட்டிருந்தால் ராத்திரி தூக்கம் போயிருக்கும். இப்போது அப்படி இல்லை. முன்னைவிட நன்றாக யோசிக்கிறேன் என்பது நோட்டின் இரண்டாவது பத்தியில் தெரிகிறது, ஆடுவதும் பிடித்திருக்கிறது, போனால் தாங்கக்கூடிய பணம்தான் மேசையில் இருக்கிறது.

நேற்று ராத்திரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆடினேன். 151 கை, 31 பிளைண்ட் நஷ்டம். அதில் ஒரு கை: கையில் ஏஸ்-ஜாக், ஃப்ளாப்பில் ஜாக் விழுந்தது, டர்னில் எதிராளி பாட்டின் அளவுக்குப் பணம் போட்டார். நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு யோசித்து ஃபோல்ட் செய்தேன். அவர் சீட்டைக் காட்டவில்லை. நோட்டில் இரண்டாவது பத்தியில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் காட்ட வேண்டும்.